அண்ணாச்சி வார்க்கும் கழுத்து

"ஈரல் நேத்தே ஊத்தியாச்சு சார். இன்னைக்குக் கழுத்து" என்றார் அண்ணாச்சி.

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியின் திறன் பயிற்சிக்கூடம். ஸ்கேன் திரையைப் பார்த்தபடி கழுத்துச் சிரையில் ஊசி ஏற்றுவதற்கு முதுநிலை மாணவர்கள் இங்கேதான் கை பழகுகிறார்கள். அந்தக் கழுத்து அப்போது வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருகிக்கொண்டிருந்தது: ஜெலட்டின், தண்ணீர், கிளிசரின்.

அண்ணாச்சி சிவகாசிக்காரர். இளவயதில் அச்சகத்தில் மை தடவும் ரோலர் வார்த்தவர். அந்த ரோலரும் வச்சிரமும் கிளிசரினும்தான். வெயில் காலத்துக்கு ஒரு பக்குவம், மழைக் காலத்துக்கு வேறு பக்குவம். ரப்பர் ரோலர் வந்ததும் அந்தத் தொழில் போயிற்று. கையில் இருந்த பக்குவம் போகவில்லை.

கிளிசரின் என்றால் நமக்குச் சினிமாக் கண்ணீர், பனிக்கால உதடு. இங்கே அதற்கு வேலை ஈரத்தைப் பிடித்து வைப்பது. வெறும் தண்ணீரில் வார்த்த ஜெலட்டின் மின்விசிறிக் காற்றில் ஓரம் சுருண்டு வெடித்துவிடும். கிளிசரின் சேர்ந்தால் வளையும், கிழியாது. மீன் எண்ணெய் மாத்திரையின் உறையை விரலால் அமுக்கிப் பாருங்கள், அதுவும் இதே கூட்டணிதான்.

இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது. உடல் திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டுதான் ஸ்கேன் இயந்திரம் ஆழத்தைக் கணக்கிடுகிறது. அறை வெப்பத்தில் தண்ணீரில் ஒலியின் வேகம் 1480-ஐ ஒட்டி. சுத்த கிளிசரினில் 1900-க்கும் மேல். இரண்டையும் அளவாகக் கலந்தால் 1540-ஐத் தொடலாம். கருவிகளைச் சோதிக்கும் சர்வதேசத் தரக் கலவையில் கிளிசரின் 11.21 சதவீதம். அண்ணாச்சியிடம் சொன்னேன். "அந்தப் புள்ளிக்கு அப்புறம் வர்றது நம்ம தராசுல நிக்காது சார்" என்று சிரித்தார்.

அவர் நிதானம் காட்டுவது வேறு இடத்தில். ஜெலட்டின் தூளைக் குளிர்ந்த நீரில் ஊறவிட்ட பிறகே சூடு. அதுவும் 60 டிகிரி வாக்கில். கொதித்தால் இறுகும் பலம் போய்விடும். மேலே திரளும் நுரையை மெல்ல எடுத்துவிடுகிறார். ஒரு காற்றுக் குமிழி உள்ளே தங்கினாலும் திரையில் வெள்ளையாக மின்னும். அடுத்து இசப்கோல், மலச்சிக்கலுக்குக் குடிக்கிறோமே, அதே தூள். அது இல்லாவிட்டால் ஜெல் திரையில் கன்னங்கரேலென்று வெறுமையாகத் தெரியும். இருந்தால் சதை போலப் பொடிப்பொடியாகத் தெரியும். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் தூள் அடியில் படிந்துவிடும். கலவை ஆறிக் கெட்டியாகத் தொடங்கும் நேரம் பார்த்து ஊற்றுகிறார். அந்த நேரத்தைக் கரண்டியிலிருந்து வடியும் விதத்தை வைத்துக் கண்டுகொள்கிறார். வெப்பமானி பக்கத்திலேயே சும்மா கிடந்தது.

அச்சுக்குள் இரண்டு குழாய்கள். சிரைக்கு நீர் நிரப்பிய நீள பலூன், தமனிக்குத் தடித்த ரப்பர்க் குழாய். ஸ்கேன் கருவியால் அமுக்கினால் சிரை நசுங்க வேண்டும், தமனி நிற்க வேண்டும். ஊசி போடும் முன் மாணவர் கற்க வேண்டிய முதல் பாடமே இந்த வேறுபாடுதான்.

ஊசி போன தடத்தில் காற்று நின்றுவிடும். தடங்கள் பெருகியதும் மொத்தத்தையும் உருக்கி மறுபடி வார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு உருக்கலிலும் தண்ணீர் ஆவியாகிப் போகும். 290 டிகிரியில் கொதிக்கும் கிளிசரின் எங்கும் போகாது. கலவையில் அதன் பங்கு ஏறிக்கொண்டே வரும், ஜெல் பிசுபிசுக்கும். அதனால் உருக்குமுன் எடை, உருக்கியபின் எடை, குறைந்ததற்குத் தண்ணீர். ஐப்பசி அடைமழையில் கிளிசரின் கூடிய ஜெல் காற்றின் ஈரத்தையும் இழுத்து வியர்க்கும். அப்போது அளவைக் குறைக்கிறார். ரோலர் பாடம்!

எனக்குப் பெரிய கேள்வி கோடைதான். ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். மதுரைச் சித்திரையில் மின்சாரம் போனால் கழுத்து கூழாகிவிடும். அதற்கு அவர் அகர் பக்கம் போகிறார். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து மதுரை வட்டாரத்திலேயே அகர் காய்ச்சுகிறார்கள். 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் வளையாமல் நொறுங்கும், ஊசி நுழைந்த இடத்தில் விரியும். எனவே கோடையில் அகர், மற்ற மாதங்களில் ஜெலட்டின்.

தையல் பயிற்சிக்கு இவை போதாது; நூலை இறுக்கினால் அறுத்துக்கொண்டு வரும். மேல் தோல் அடுக்கில் வலைத்துணி பதிக்கிறார்கள், சுமார்தான். மின்கத்திப் பயிற்சியில் நிலைமை மாறுகிறது. விலைக்கு வாங்கும் பயிற்சிப் பொம்மைகளின் சிலிக்கோன் மின்சாரத்தைக் கடத்தாது. உப்புப் போட்ட ஜெல் கடத்தும், நிஜத் திசு போலக் கருகும். கிளிசரின் அதிகம் காய்ந்தால் கண்ணெரிச்சல் தரும் புகை வரும் என்பதால் ஜன்னல், விசிறி கட்டாயம்.

2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகள் கல்லூரிகளுக்குத் திறன் பயிற்சிக்கூடத்தைக் கட்டாயமாக்கின. அதைக் காட்டிக் கல்லூரிகள் விலையுயர்ந்த பொம்மைகளை வாங்குகின்றன. அவற்றில் ஊசி குத்திக் கிழிந்தால் மாற்றுப் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதனாலேயே பல பொம்மைகளை யாரும் குத்துவதில்லை. அண்ணாச்சியின் கழுத்தை எத்தனை பேரும் குத்தலாம், மறுநாள் புதுக் கழுத்து தயார். ஆனால் பதிவேட்டில் அவர் வெறும் ஆய்வக உதவியாளர், ஓய்வுக்கு அதிக காலம் இல்லை. அவரிடம் எழுதிவைத்த அளவு எதுவும் கிடையாது. கல்லூரி நிர்வாகங்கள் பொம்மைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மாதிரி வார்ப்பவர் என்று ஒரு பணியிடம் உருவாக்கி, இப்போதே இரண்டு இளைஞர்களை அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.