ரஜூலா நின்ற கடல்

ரஜூலா வரும் நாள் என்றால் நாகப்பட்டினத்துக்கு முதல் நாளே களை வந்துவிடும். மாயவரம், திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள் தகரப் பெட்டியும் கோரைப்பாயுமாக வந்து இறங்குவார்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காதவர்கள் தெரிந்தவர் வீட்டைத் தேடிப் போவார்கள். வெளிப்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் நாலைந்து குடும்பம் படுத்திருக்கும். அம்மா பெரிய அன்னக்கூடையில் சோறு வடிப்பாள். யார், என்ன என்று கேட்பதில்லை. கப்பலுக்குப் போகிறவர்கள் என்றால் போதும்.

நாகையில் கப்பல் கரைக்கு வராது, அந்த அளவுக்கு ஆழம் கிடையாது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் வெங்காய மூட்டைகளும் படகில்தான் போக வேண்டும். கப்பலை ஒட்டியதும் படகு அலையில் எழும்பும், உடனே தாழும். எழும்புகிற அந்த நொடியில் கப்பல் ஏணியில் கால் வைத்துவிட வேண்டும். கைக்குழந்தைக்காரிகளை ஒருவர் கீழிருந்து தாங்க, இன்னொருவர் மேலிருந்து தூக்குவார். பெரியப்பாவை வழியனுப்பப் படகில் போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். ஏணியைப் பிடித்த ஒரு கிழவியின் கையில் ஊர் மண் முடிந்த சிறு துணி முடிச்சு இருந்தது. அதை விடாமல் ஏறினாள்.

பெரியப்பா பினாங்கில் கடைக் கணக்குப் பிள்ளை. ஊருக்கு வரும்போதெல்லாம் கோடாலித் தைலமும் கப்பல் கதையும் கொண்டுவருவார். "தம்பி, இது கிளாஸ்கோவுல செஞ்ச கப்பல்டா. ரெண்டு சண்டையில ஒண்ணைப் பாத்துட்டு வந்தது, இன்னும் அசையல பாரு" என்பார். சொன்னது சரிதான். ரஜூலா, கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் நிறுவனம் கட்டி 1926-ல் கடலில் இறக்கிய கப்பல். அதை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் வில்லியம் மக்கின்னன், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கேம்பல்டவுனில் பிறந்தவர். சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை அது ஓடியது. மேல்தட்டு அறைகளில் போனவர்கள் கொஞ்சம் பேர். மற்ற ஆயிரக்கணக்கானோருக்கு டெக்கில் பாய் விரிக்கும் இடம்தான். தஞ்சாவூர்ச் சீமையில் நிலம் இல்லாதவர்கள், பண்ணையில் பட்ட கடனைத் தீர்க்க வழி தெரியாதவர்கள், தோட்டக்காட்டுக்குப் போய்விட்ட மகனைத் தேடிப் போனவர்கள் என்று எத்தனையோ பேரை அந்த டெக் சுமந்திருக்கிறது. நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய நாட்டிலிருந்து சோற்றுக்காகக் கடல் தாண்டியவர்கள் அவர்கள். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ரஜூலா நின்ற பிறகு கொஞ்ச காலம் 'சிதம்பரம்' ஓடியது. அதுவும் நின்றபின் நாகைக் கடற்கரைக்கு மீன்தான் மிஞ்சியது. இப்படிப் பறிகொடுப்பது எங்கள் ஊருக்குப் பழகிப்போன ஒன்று. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் கடைசியில் பொன்மலைக்குப் போனது. அதற்கும் முன்னால், கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற மூன்றடுக்குச் செங்கல் கோபுரத்தை, சோழர் காலத்துப் பௌத்த விகாரத்தின் மிச்சத்தை, 1867-ல் இடித்துவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் எடின்பரோவில் பிறந்த சர் வால்டர் எலியட். கோபுரம் நின்றபோதே நேரில் பார்த்தவர், 1878-ல் அதைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார்.

டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது, கோட்டை இல்லை. சிறுவயதில் கோட்டை எங்கே என்று கேட்டால் பெரியவர்கள் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். அங்கே மணல்தான் இருக்கும்.

அந்தக் கோட்டையின் வாசலை நான் பார்த்தது ஸ்காட்லாந்தில்.

நரிமணத்தில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு அந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பின்னாளில் ஒரு ரிக் வேலையாக வடக்கு ஸ்காட்லாந்தில் இன்வர்கார்டன் துறைமுகத்துக்குப் போக நேர்ந்தது. கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் என் சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னதும் எழுந்து வெளியே கூட்டிப்போய், விரிகுடாவுக்கு மேலே தெரிந்த மலை உச்சியைக் காட்டினார். "அதோ, உங்க ஊர் வாசல்" என்றார்.

மலையின் பெயர் ஃபைரிஷ். அதன் உச்சியில் நிற்கும் நினைவுச் சின்னத்தை 1782-ல் கட்டவைத்தவர் சர் ஹெக்டர் மன்றோ. சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ வேறு. அவர் கிளாஸ்கோக்காரர், இவர் இந்த மலையடிவாரத்து நோவார் பண்ணையின் பிரபு. 1764-ல் பக்ஸாரில் வென்றவர். 1780-ல் ஐதர் அலிக்கு முன் நிற்க முடியாமல், பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவரும் இவரே. அடுத்த ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்தை முற்றுகையிட்டு, நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார். நாகை ஐப்பசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெருவே வாய்க்காலாகிவிடும், வைத்த கால் களிமண்ணிலிருந்து வராது. அந்தச் சேற்றில் நடந்த சண்டை அது. ஊருக்குத் திரும்பியவர், தான் பிடித்த கோட்டையின் வாசலைப் போலவே மலைமேல் ஒன்று எழுப்பினார் என்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போனேன். பைன் மரக் காடு முடிந்ததும் காற்று ஆளைத் தள்ளுகிறது. உச்சியில் மூன்று வளைவுகள், இருபுறமும் தனித்தனித் தூண்கள். செதுக்காத முரட்டுக் கற்கள், மேலெல்லாம் சாம்பல் நிறப் பாசி படர்ந்திருந்தது. எங்கள் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் களிமண்தான் வரும், கல் வராது. அந்த மண்ணில் நின்ற வாசலை இவர்கள் மலைக்கல்லில் கட்டியிருக்கிறார்கள். நடு வளைவின் வழியே பார்த்தால் விரிகுடாவும் அதில் வரிசையாக நிற்கும் ரிக்குகளும் தெரிகின்றன.

அந்த வாசல் எழுந்த காலத்தில் இரண்டு ஊரிலும் பசி. காவிரிக் கரையில் ஐதர் கலாபம். வாய்க்கால் மதகுகள் உடைந்து, மாடுகள் போய், வயல்கள் தரிசாகக் கிடந்தன. தஞ்சாவூரில் பாதிரியார் சுவார்ட்ஸ் நெல் வாங்கிப் பட்டினி கிடந்தவர்களுக்குச் சோறு போட்டார். ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் 1782-ல் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுக்கவே மன்றோ இதைக் கட்டவைத்தார் என்பது அந்த ஊர்ப் பேச்சு. கூலி நாட்களை நீட்டுவதற்காக, மேலே சேர்ந்த கற்களை அவரே அடிவாரத்துக்கு உருட்டிவிடுவார் என்றும் சொல்கிறார்கள்.

இதைக் கேட்டு நெகிழ்ந்தேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே மன்றோ தன் மலை நிலத்தைச் செம்மறி ஆட்டுப் பண்ணைக்கென்று வெளியூர்க்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். காலங்காலமாக மாடு மேய்த்துப் பயிர் செய்த குடிகளுக்கு இடம் இல்லாமல் போனது. 1792-ல் அந்தக் குடிகள் ஒன்று திரண்டு, வட்டாரத்து ஆடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போனார்கள். ராணுவம் வந்து அடக்கியது. அந்த ஆண்டுக்கு அவர்கள் மொழியில் 'ஆட்டு ஆண்டு' என்றே பெயர். நிலத்தை இழந்த மலைநாட்டார் கிளாஸ்கோ ஆலைகளுக்கும் கனடாக் கப்பல்களுக்கும் போனார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை நிலக்காரர் போ என்றால் போக வேண்டியிருந்த தஞ்சை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் கூலி கேட்டதற்காக 1968-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. மன்றோவின் வீரத்தைவிட, கல் சுமந்து பிறகு விரட்டப்பட்ட அந்த மனிதர்கள்தான் எனக்குச் சொந்தக்காரர்கள். ரஜூலா ஏணியில் ஏறியவர்களின் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டியவர்கள் அவர்கள்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரிகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வாசலைப் பற்றி யாரும் சொன்னதில்லை. நாகையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஃபைரிஷ் வாசலின் படம் ஒன்றும், ரஜூலாவின் படம் ஒன்றும், எலியட் எழுதிவைத்த கோபுரத்தின் படம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, தமிழில் நான்கு வரி எழுதிவைக்க வேண்டும். ரஜூலாவில் போய் வந்தவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.