குட்டி யானைக்கு ஒரு கணக்கு



தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "டீச்சர், கரண்ட் வண்டி வாங்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வண்டியை ஓட்டுவது என் தம்பி மகன். முன்பணம் என் ஓய்வூதியப் பணத்திலிருந்து போனதால் ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. பச்சை நம்பர் பிளேட், அதில் மஞ்சள் எழுத்து. எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு இந்த அளவு வண்டி எல்லாமே நம் ஊரில் குட்டி யானைதான். 2022-ல் அந்த ஏஸ் மின்சாரத்திலும் வந்தது. 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ பாரம், சான்றிதழ்ப்படி ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர். இந்த வகை வண்டி எவ்வளவு பெரியது என்று புரிய இது போதும்.

அமெரிக்காவில் இருக்கும் ஒரு மாணவன் தன்னுடைய போர்டு எப்-150 லைட்னிங் படத்தை அனுப்பியிருந்தான். அதில் சின்ன பேட்டரியே 98 யூனிட். ஆபீஸ் போய்வர வைத்திருக்கிறானாம். அதில் ஐந்தில் ஒரு பங்கு பேட்டரியை வைத்துக்கொண்டு இங்கே ஒரு குடும்பம் பிழைக்கிறது என்று பதில் போட்டேன்.

சான்றிதழில் போட்டிருக்கும் கிலோமீட்டர் என்பது சோதனையில் வாங்கிய மார்க். பாரம், ஹைவே வேகம், நம் வேலூர் வெயில் எல்லாம் சேர்ந்தால் எந்த வண்டிக்கும் அது குறையும். நாங்கள் 110 என்று வைத்துத்தான் அன்றைய வேலையைத் திட்டமிடுகிறோம். ராத்திரி கொட்டகையில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் காலைக்குள் ஏறிவிடும். மறுநாள் மின்தடை என்று தெரிந்தால் முந்தின இரவே நிரப்பிவிட வேண்டும். இன்னொன்று, சத்தமே இல்லை. விடியற்காலை கிளம்பினால் பக்கத்து வீட்டில் யாரும் எழுவதில்லை. ஆனால் தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கும் வண்டி வருவது தெரியாது. ஹாரனில் கை வைத்தபடியே சந்துக்குள் நுழைகிறான்.

எங்கள் லோடு ஷூ அப்பர். ஆம்பூர் கம்பெனியில் வெட்டிய தோல் பீஸ்களை ஏற்றிக்கொண்டு போய், கிராமங்களில் வீட்டிலிருந்தே கையால் தைக்கும் பெண்களிடம் கொடுத்து, தைத்ததைத் திரும்ப வாங்கி வர வேண்டும். இடம் அடைக்கும், எடை குறைவு. தினமும் அதே ரூட். ராத்திரி வண்டி வீடு திரும்பிவிடும். கரண்ட் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நோட்டை எடுங்கள்.

எங்கள் பழைய டீசல் வண்டிக்கு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் ஆனது. இதற்கு யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் ஏறக்குறைய 2 ரூபாய்தான். மிச்சம் 3 ரூபாய். ஆனால் வண்டி விலை அதிகம் என்பதால் மாதத் தவணை டீசல் வண்டியைவிட 5,000 ரூபாய் கூடுதல். ஐயாயிரத்தை மூன்றால் வகுத்தால் 1,667. மாதம் அத்தனை கிலோமீட்டர் ஓடினால்தான் சமம். அதற்கு மேல் லாபம், கீழே நஷ்டம்.

முதலில் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடியது. 6,000 மிச்சம், தவணை போக 1,000 கையில் நின்றது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியது. எங்களுக்கு லோடு கொடுக்கும் கம்பெனியில் அமெரிக்க ஆர்டர் குறைந்தது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் 1,000 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. மிச்சம் 3,000, துண்டு விழுந்தது 2,000.

நிற்கிற வண்டிக்கு டீசல் போட வேண்டாம். ஆனால் தவணை கட்டித்தான் ஆக வேண்டும். யோசித்துப் பார்த்தால், கரண்ட் வண்டி வாங்குவது பல வருடத்து டீசலை இன்றைக்கே கடனில் வாங்கி வைப்பது போல. ஓட்டினால் அந்தக் காசு திரும்பி வரும். வேலை நின்றால் டீசல்காரரைவிட நமக்குத்தான் அடி அதிகம்.

ஆனால் எங்களைவிடப் பெரிய அடி அந்தப் பெண்களுக்கு. ஜோடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பீஸ் வரவில்லை என்றால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. அவர்களில் இரண்டு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். "அத்தை, வண்டி வர்ற சத்தம் கேக்காதுன்னு அவங்களே வாசல்ல வந்து உக்காந்திருக்காங்க. காலி வண்டியோட அந்தத் தெருப் பக்கம் போகவே சங்கடமா இருக்கு" என்றான் தம்பி மகன்.

வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. அவன் சம்மதிக்கவில்லை. குடியாத்தத்தில் லுங்கிக் கட்டு ஏற்றுகிறான், கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் ஏற்றுகிறான். போன மாதம் 1,400 வந்தது. குறைந்த 800 ரூபாயை என் பென்ஷனில் இருந்து போட்டேன். இன்னும் 267 கிலோமீட்டர்தான் வேண்டும்.

ஆகவே, கரண்ட் வண்டி வாங்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளே, முதலில் உங்கள் மாத ஓட்டத்தை எழுதுங்கள். அடுத்து, அந்த லோடு ஒரே ஆளிடமிருந்தா, நாலு பேரிடமிருந்தா என்று எழுதுங்கள். நாலு பேர் என்றால் தைரியமாக வாங்கலாம். ஒரே ஆள் என்றால், இரண்டாவது ஆளைப் பிடித்த பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் 500 கிலோவுக்குள் லோடு இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வாடகையில் பேரம் பேசலாம், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.