எதை ஏற்றுவது, எதை விடுவது: மலைப்பாதைக்கான உதிரிப் பாகங்கள்

இந்தியச் சாலைகளில் மாற்றுச் சக்கரத்துக்கு வழங்கும் பெயர் ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், 1904-ஆம் ஆண்டளவில் உருவான ஒரு கண்டுபிடிப்பின் பெயர் அது. அக்காலத்து மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்பனைக்கு வந்தன. டயரில் காற்றுப் போனால், வழியிலேயே அமர்ந்து ஒட்டியாக வேண்டும். பழுதான சக்கரத்தின்மேல் வைத்து இறுக்கத்தக்க, காற்றடைத்த டயருடன் கூடிய, ஆரமற்ற ஒரு வளையமே முதல் ஸ்டெப்னி. பிறந்த நாட்டில் ஏறத்தாழ மறைந்துவிட்ட அச்சொல் இங்கே லாரி ஓட்டுநர் முதல் பேராசிரியர் வரை அனைவரின் நாவிலும் வாழ்கிறது.

ஸ்டெப்னியை ஏற்றுவதா என்று இன்று எவரும் ஆலோசிப்பதில்லை. வாகனத்தைச் செய்தவரே அதைத் தீர்மானித்துவிடுகிறார். ஏனைய உதிரிப் பாகங்களைப் பயணியே தேர்ந்தாக வேண்டும். சமவெளியில் ஊருக்கு ஊர் உதிரிப் பாகக் கடை இருப்பதால் இத்தேர்வின் அருமை புலப்படுவதில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் காசாவுக்குச் செல்லும் ஏறத்தாழ 200 கி.மீ. பாதையில் அது புலப்படும்.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, கிராம்ஃபூவில் லே நகரச் சாலையை விட்டு விலகியதும் பாதையின் இயல்பு மாறுகிறது. சத்ரு, பாதல் வழியாக 4,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குன்சும் கணவாய் வரை, கற்களும் சேறும் குறுக்கே பாயும் ஓடைகளுமே பெரிதும் சாலையாகின்றன. பனி உருகும் பிற்பகலில் ஓடைகளில் நீர்மட்டம் உயரும். காலையில் முழங்காலளவு ஓடிய நீர் மாலையில் வண்டியைத் தள்ளும் வலிமை பெறுகிறது. மணாலியில் நிரப்பிய எரிபொருளுக்குப்பின் அடுத்த நிலையம் காசாவில்தான் எனக் கொண்டே ஓட்டுநர்கள் திட்டமிடுகின்றனர்.

சுற்றுலாப் பயணிகள் மட்டும் செல்லும் பாதையன்று இது. 2002 முதல் தொடர்ந்து பனித்திணிவு அளக்கப்பட்டுவரும் சோட்டா சிக்ரி பனியாற்றுக்கும், 2016-இல் 4,000 மீட்டருக்கு மேல் நிறுவப்பட்ட ஹிமான்ஷ் ஆய்வு நிலையத்துக்கும் செல்லும் ஆய்வாளர்கள் இப்பகுதியைத்தான் கடக்கின்றனர். அவர்களில் பலர் முதன்முறை மலையேறும் முனைவர் பட்ட மாணவர்கள். இவ்வுயரத்தில் ஒருவருக்கு உயர நோய் முற்றினால் அறியப்பட்ட முதல் மருத்துவம், அவரை உடனே கீழே இறக்குவது. அதைச் செய்யவல்லது வாகனம் ஒன்றே. குளிருக்கு உறைவிடமும் அதுவே. அது நின்றுபோனால் களப்பணி தாமதமாகும் என்பது பேச்சே அன்று. ஓர் உயிர் போகலாம்.

ஐந்து பேர், ஒரே ஒரு நான்கு சக்கர இயக்க டீசல் வண்டி, சென்று திரும்ப ஆயிரம் கி.மீ. என ஒரு குழுவை எண்ணிப் பார்க்கலாம். ஆய்வு மாணவர் தயாரிக்கும் முதல் பட்டியலில் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், எரிபொருள் பம்ப், ஷாக் அப்சார்பர் ஆகியவை இடம்பெறும். எவை பழுதானால் செலவு மிகுமோ அவற்றின் பட்டியல் அது. பழகிய ஓட்டுநரின் பட்டியலோ ஃபேன் பெல்ட், ஹோஸ், கிளாம்ப், வடிகட்டி, டியூப், ஃபியூஸ் என்று பத்திருபது ரூபாய்ப் பொருள்களையும் சேர்த்தே நீளும். இரண்டையும் பிரிப்பது அனுபவம் மட்டுமன்று. அவை விடையளிக்கும் வினாக்களே வேறு.

எது பழுதாகும் என்ற வினா பயனுடைய விடை தருவதில்லை. ஒரு பாகம் சராசரியாக லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை பழுதாவதாகவும், அப்பழுது எப்போது வேண்டுமானாலும் நேரலாம் என்றும் கொண்டால், ஆயிரம் கி.மீ. பயணத்தில் அது பழுதாகும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. அத்தகைய பாகங்கள் ஐம்பது இருந்தால், அவற்றுள் ஒன்றேனும் பழுதாகும் வாய்ப்பு நூற்றில் நாற்பதை நெருங்குகிறது. தனித்தனியே நோக்கின் எதுவும் பழுதாகாது. ஒருங்கே நோக்கின் ஏதோ ஒன்று பழுதாகக் கூடும். ஐம்பதையும் ஏற்ற இயலாது என்பதால், நிகழ்தகவைவிட விளைவையே அளவுகோலாகக் கொள்ள வேண்டியுள்ளது.

மேலாண்மைப் பாடங்களில் கற்பிக்கப்படும் இருவகைப் பகுப்பாய்வுகள் இங்கே துணைபுரியும். ஏ.பி.சி. பகுப்பாய்வு பொருள்களை அவற்றால் ஆகும் செலவின்படி தரம் பிரிக்கிறது. வி.இ.டி. பகுப்பாய்வோ அப்பொருள் இல்லாவிடில் என்ன ஆகும் என்பதன்படி உயிர்நிலையானவை, இன்றியமையாதவை, விரும்பத்தக்கவை எனப் பிரிக்கிறது. மாணவரின் பட்டியல் முதல் முறையைச் சார்ந்தது. ஓட்டுநரின் பட்டியல், அப்பெயரை அவர் கேட்டிராவிடினும், இரண்டாம் முறையைச் சார்ந்தது.

அவர் கேட்கும் வினாக்கள் மூன்று. இது பழுதானால் வண்டி நிற்குமா? கையில் கிடைப்பதைக் கொண்டு ஒப்பேற்ற முடியுமா? மாற்றுப் பாகம் இருந்தால் அதைப் பொருத்தப்போவது யார்?

முதல் வினாவுக்கு நல்ல சான்று குளிர்விப்பு அமைப்பு. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் நீர் பம்பையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. அது அறுந்தால் மின்னூட்டம் நிற்கும். சில நிமிடங்களில் எஞ்சினும் கொதிக்கும். ஆல்டர்னேட்டர் தனியே பழுதானாலோ, மின்விளக்குகளை அணைத்து பேட்டரியின் இருப்பைக் கொண்டே ஓரளவு தொலைவு செல்லலாம். எடை மிகுந்த, விலை உயர்ந்த ஆல்டர்னேட்டரைவிடக் கால் கிலோவுக்கும் குறைவான பெல்ட் முன்னுரிமை பெறுவது இதனாலேயே.

ரேடியேட்டர் மூடி இன்னும் சிறியது. எவரும் அதைப் பட்டியலில் எழுதுவதில்லை. குன்சும் கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் மூன்று பங்கினும் குறைவு. அங்கே திறந்த கலத்தில் நீர் ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறப்பதும் பொதுவாக 80 முதல் 90 டிகிரிக்குள்தான். அந்நிலையிலும் நீர் கொதிக்காமல் காப்பது மூடி தாங்கிநிற்கும் அழுத்தமே. அதனால் கொதிநிலை நூறு டிகிரிக்கு மேல் உயர்கிறது. மூடியின் ரப்பர் வளையம் விரிசல் கண்டிருந்தால் சமவெளியில் அது தெரியாமலே போகலாம். மலையில் எஞ்சினின் ஆயுளையே அது தீர்மானிக்கும். மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், நான்கு கிளாம்ப், ஐந்து லிட்டர் குளிர்விப்பு நீர்மம் ஆகிய அனைத்தும் ஒரு சிறு பையில் அடங்கும்.

எரிபொருள் வடிகட்டியும் அவ்வாறே. கேன்களில் சுமந்து சென்று புனல்வழி ஊற்றும் டீசலில் தூசியும் நீரும் கலப்பது இயல்பு. வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில் எஞ்சின் திணறி நிற்கும். வடிகட்டியோடு, அதை மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் முறையையும் ஒருவர் கற்றிருக்க வேண்டும். இன்றேல் புதிய வடிகட்டியும் வண்டியை நகர்த்தாது.

இரண்டாம் வினா, ஒப்பேற்றுதல் பற்றியது. லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்தால், மரக்கட்டையும் சங்கிலியும் கொண்டு கட்டி, நடைவேகத்தில் ஓட்டிச் செல்வதை மலை லாரி ஓட்டுநர்கள் அறிவர். ஆயின் பட்டைகளைக் கோத்துநிற்கும் சென்டர் போல்ட் முறிந்தால், அச்சு இடம்பெயர்ந்துவிடும். அதற்கு எந்தக் கட்டையும் ஈடாகாது. ஆகவே கனமான பட்டையை விட்டு, ஒரு சென்டர் போல்ட்டும் ஓர் இணை யு போல்ட்டும் எடுத்துச் செல்வது அறிவுடைமை. டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் திரி பயன்படாது. உள்ளே ஒரு துண்டுப் பழைய டயரை ஒட்டி, டியூப் செருகி ஓட்டலாம். டியூப்லெஸ் டயர் பூண்ட வண்டியிலும் ஒரு டியூப் இருக்க வேண்டிய காரணம் இது.

எரிபொருள் தொட்டியில் கல் பட்டு ஓட்டை விழுந்தால் சலவைச் சோப்பைத் தேய்த்து அடைப்பது பழைய வழக்கம். தற்காலிகமாக அது பலிக்கும். கசியும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவதும் லாரி ஓட்டுநர்களிடையே உண்டு. கசிவை நிறுத்தும் அதே தூள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடும் ஆதலால் அதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். பிசைந்து ஒட்டும் எபாக்சி இவ்விரண்டையும்விட நம்பத்தக்கது. இரண்டு பொட்டலம் போதும்.

மூன்றாம் வினாவே பலரும் தவறவிடுவது. கிளட்ச் தட்டை எடுத்துக்கொள்ளலாம். அதை மாற்றக் கியர்பெட்டியை இறக்கியாக வேண்டும். பாதலின் கற்களுக்கிடையே ஐந்து ஆய்வாளர்களால் அது ஆகாது. அப்படியானால் அது வீண்சுமையா? அன்று. காசாவில் மெக்கானிக் உண்டு. அவரிடம் திறமை இருக்கும், அந்த வண்டிக்குரிய தட்டு இருக்குமென்ற உறுதி இல்லை. சமவெளியிலிருந்து அது வந்துசேரும்வரை நாள்கணக்கில் காத்திருக்க நேரலாம். நம் கையால் பொருத்துவதற்கானவை ஒரு வகை. பிறர் கையில் ஒப்படைப்பதற்கானவை மற்றொரு வகை. கிளட்ச் தட்டு, வீல் பேரிங் போன்றவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

கிளட்சுக்கு வேறொரு மருந்தும் உண்டு. உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சின் வலு குறைகிறது. அதை ஈடுசெய்யப் புதியவர்கள் கிளட்சைப் பாதி மிதித்தே ஏற்றத்தில் ஓட்டித் தட்டைக் கருக்குகின்றனர். நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்கியரை உரிய நேரத்தில் இட்டால் அத்தேய்வு பெரிதும் குறையும். சில பாகங்களுக்குச் சிறந்த மாற்று, ஓட்டும் முறையே.

அண்மைக்கால வண்டிகளில் உணரிகளும் கட்டுப்பாட்டுக் கணினியும் பெருகிவிட்டதால் சோப்புக்கும் சங்கிலிக்கும் கட்டுப்படாத பழுதுகள் தோன்றியுள்ளன. எல்லா உணரிகளையும் சுமப்பது இயலாத செயல். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவி ஒன்று இருந்தால், நின்றாக வேண்டிய பழுது எது, பொறுத்துச் செல்லத்தக்க எச்சரிக்கை எது என்றேனும் பிரித்தறியலாம்.

பட்டியல் முடிந்தபின்னும் ஒரு வேலை எஞ்சுகிறது. கடையில் வாங்கிய பெல்ட்டை உறை பிரிக்காமல் பெட்டியில் வைப்பது பலர் வழக்கம். பழகியவர்கள் புறப்படுமுன்பே புதியதை வண்டியில் பூட்டி, கழற்றிய பழையது நல்ல நிலையில் இருந்தால் அதையே பெட்டியில் வைப்பர். ஒரே மாதிரி வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறுவதுண்டு. புதியது பொருந்துகிறதா என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். பழையது பொருந்தும் என்பதோ ஏற்கெனவே மெய்ப்பிக்கப்பட்ட ஒன்று. எந்த ஸ்பேனர் வேண்டும், எங்கே கை நுழையாது என்பதும் அவ்வொத்திகையில் விளங்கும். உரிய ஸ்பேனர் இல்லாத உதிரிப் பாகம் வெறும் இரும்பு.

எடைக்கும் எல்லை உண்டு. இருபது லிட்டர் டீசல் மட்டுமே பதினாறு கிலோவுக்கு மேல். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோவும், ஸ்பிரிங்கும் டயரும் முறியும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பழுதுக்கு அஞ்சி ஏற்றிய சுமையே பழுதுக்குக் காரணமாகக் கூடும்.

இவ்வளவும் கல்விப்புலத்தின் கணக்கேடுகளில் எங்கே இடம்பெறுகிறது? ஆய்வுத் திட்ட முன்மொழிவில் கருவிகளுக்கும் பயணத்துக்கும் தற்செயல் செலவுக்கும் தலைப்புகள் உண்டு. உதிரிப் பாகத்துக்கெனத் தனித் தலைப்பைக் காண்பது அரிது. வாங்கிய பொருள் பயன்படவில்லை என்றால் ஏன் வாங்கப்பட்டது எனத் தணிக்கை கேட்கும். ஆனால் உதிரிப் பாகத்தின் வெற்றியே அது பயன்படாமல் திரும்புவதில்தான் உள்ளது. இதைக் கணக்கால் காண இயலாதபோது, அச்செலவை வாடகை வண்டியின் ஓட்டுநரே தம் கையிலிருந்து ஏற்கிறார், அல்லது பட்டியலைச் சுருக்கிக்கொள்கிறார். சுருங்கிய பட்டியலின் விலையை மாணவர்களும் அவரும் சேர்ந்தே செலுத்த நேரிடும்.

தீர்வு கடினமானதன்று. களப்பணித் திட்டத்தில் வாகனப் பாதுகாப்புக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். புறப்படுமுன் பட்டியலை ஓட்டுநருடன் அமர்ந்து தயாரித்து, எதை யார் பொருத்துவார் என்பதை எதிரில் எழுதலாம். திரும்பியபின் எது பயன்பட்டது, எது இல்லாமல் தவிக்க நேர்ந்தது, வழியில் நின்ற வேறு வண்டிக்கு எது கொடுக்கப்பட்டது எனக் குறித்து, அடுத்த குழுவுக்கு அளிக்கலாம். பனியாற்றின் அளவுகளை ஆண்டுதோறும் பதிந்துவரும் துறைக்கு, அப்பனியாற்றை அடைய உதவிய பெட்டியின் பதிவேட்டைப் பேணுவது பெருஞ்சுமை ஆகாது. அப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஓட்டுநரின் பெயர் இருப்பதே முறை.