அட்டையில் ஒரு டாங்கி

இன்னும் ஒரு கண்ணி. இன்னும் ஒரு துளி பசை.

டி-34 டாங்கியின் சங்கிலியில் ஒரு பக்கத்துக்கே 70-க்கும் மேற்பட்ட கண்ணிகள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 140-ஐத் தாண்டிவிடும். அத்தனையையும் அட்டையில் வெட்டி, மடித்து, ஒட்டுகிறார்கள்!

போலந்தில் இது பலருக்கும் தெரிந்த கலை. 1957-ல் தொடங்கிய ‘மாவி மொடெலாஷ்’ இதழைப் பிரித்தால் உள்ளே கப்பல், விமானம், டாங்கி எல்லாம் வெட்டி ஒட்டும் தாள்களாக இருக்கும். ஒரு கத்தரிக்கோலும் பசையும் போதும், பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள்.

1966-ல் அங்கே ‘நான்கு டாங்கி வீரர்களும் ஒரு நாயும்’ என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் வரும் 102 எண் டாங்கிக்குச் செல்லப்பெயர் ‘ரூடி’. அதுவும் இதே டி-34 ரகம்தான்.

அட்டை டாங்கிகளுக்கு அங்கே வழக்கமான அளவு 25-ல் ஒரு பங்கு. பீரங்கிக் குழலோடு சேர்த்து 8 மீட்டருக்குச் சற்று மேல் நீளும் டி-34-85 வகை, மேசையில் 32 சென்டிமீட்டராக உட்காருகிறது.

வேலை நுணுக்கமானது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் அட்டையில் எலும்புக்கூடு. அதன்மேல் அச்சிட்ட தோல். மடிக்கும் கோட்டில் கத்தியால் லேசாகக் கீறினால்தான் விளிம்பு கூர்மையாக வரும். வட்டங்களை அடுக்கி ஒட்டினால் சக்கரம். பின்னல் ஊசியில் தாளைச் சுற்றினால் பீரங்கிக் குழல்.

வெட்டிய இடத்தில் வெள்ளை தெரியும். அங்கே பச்சை வண்ணம் தொட்டு மறைத்ததும் காகிதம் இரும்பாகிவிடுகிறது. அந்தக் கணம் அவ்வளவு அழகு!

உங்கள் வீட்டில் கடைசியாக அட்டையை வெட்டி ஒட்டியது யார்? என்ன செய்தார்கள்?