மிலான் நகரில் ஒரு முடிவுறாத திருப்பணி

வட இத்தாலியின் பெருநகரமாகிய மிலானில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை நாள் மட்டுமே. வங்கித் தொழிலுக்கும் ஆடை அலங்காரத்துக்கும் பெயர்பெற்ற ஊர் அது. ஆயினும் அதன் நடுநாயகமாக நிற்பது ஒரு பேராலயம். ‘துவோமோ’ என்று அழைக்கிறார்கள். கன்னி மரியாளின் பெயரால் 1386ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கியது. கடைசி வாயிற்கதவு பொருத்தப்பட்டது 1965இல்! 135 சிறு கோபுர முனைகள், 3,400 அளவில் சிலைகள். இவற்றை எண்ணிப் பார்க்க ஒன்றரை நாள் எங்கே போதும்?

வெளிச்சுவர் வெண்மையில் இளஞ்சிவப்பு கலந்த பளிங்கு. ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால், மஜ்ஜோரே ஏரியை அடுத்த காந்தோலியா மலையில் வெட்டியெடுத்த கல். ஏரி, ஆறு, கால்வாய் என நீர்வழியே படகுகளில் நகருக்குள் கொண்டுவந்தார்கள். ‘ஆலயப் பணிக்கு’ எனப் பொருள்படும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் பொறித்த கற்களுக்கு வழியில் எங்கும் சுங்கம் கிடையாது. அக்கால்வாய்களில் பல இன்று சாலைகளுக்கு அடியில் மறைந்துவிட்டன. மலையில் மட்டும் கல் வெட்டுவது நிற்கவில்லை. மழையிலும் புகையிலும் தேய்ந்த கற்களை இறக்கிவிட்டு, அதே மலையின் கல்லில் புதியன செதுக்கி ஏற்றுகிறார்கள். இந்தத் திருப்பணியைக் கவனிப்பதற்கென 1387இல் அமைத்த குழுவே இன்றளவும் அதை நடத்தி வருகிறது.

பேரேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன் நான்; ஆகவே அக்குழுவின் பழைய கணக்குகளைப் பற்றிக் கேட்ட செய்தி என் மனத்தில் நின்றுவிட்டது. பிரபு முதல் கூலியாள் வரை அனைவரின் காணிக்கையும் அதில் பதிவாகியிருக்கிறதாம். பணி தொடங்கிய நாட்களில் கத்தரீனா என்ற ஏழை மூதாட்டி, கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாமையால், தம் குளிருக்குப் போர்த்தியிருந்த பழைய உரோம மேலாடையைக் கழற்றிப் பீடத்தில் வைத்துவிட்டுச் சென்றார். அதை மற்றொருவர் விலை கொடுத்து வாங்கினார். தொகை பணிக்குச் சேர்ந்தது. வாங்கியவர் அந்த ஆடையை மூதாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொல்கிறார்கள். ஒரே ஆடை இருவருடைய காணிக்கையாயிற்று, குளிருக்கும் பயன்பட்டது. இத்தகைய வரவை நான் எந்தக் கிளையிலும் பார்த்ததில்லை.

உள்ளே செல்லத் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சேலைக்கும் வேட்டிக்கும் தடையில்லை. காலணியைக் கழற்றும் வழக்கம் அங்கு இல்லை. என் துணைவியார் வாசலில் ஒரு கணம் தயங்கி நின்ற பிறகே உள்ளே வந்தார். அண்ணாந்து பார்க்க வைக்கும் 52 பெருந்தூண்கள். அவற்றைவிட என்னைக் கவர்ந்தது நுழைவாயில் அருகே தரையில் பதித்த பித்தளைக் கோடு. பிரேரா வானியல் நிலையத்தார் 1786இல் அமைத்தது. தென்புறக் கூரையிலுள்ள சிறு துளை வழியே வரும் கதிர் நண்பகலில் இக்கோட்டைக் கடக்கும். கோட்டை ஒட்டிப் பன்னிரு ராசிகளும் இருக்கின்றன: நாம் அறிந்த அதே மேஷம், ரிஷபம். குளிர்காலச் சூரியன் தாழ்ந்து செல்வதால் கதிர் வெகுதூரம் வடக்கே விழும். அதற்குத் தரை போதாமல், மகரத்தை வடசுவரின் மீது ஏற்றிவிட்டார்கள். அவர்களது மகரப் பிரவேசம் டிசம்பர் 21, 22 வாக்கில். நமக்கோ தை முதல் நாள். இடைப்பட்ட இருபத்து நான்கு நாளும் அயனாம்ச வேறுபாடு. நாங்கள் சென்ற அன்று மேகமூட்டம். கதிரைக் காணும் பேறு கிட்டவில்லை.

கூரைத் தளத்துக்கு மின்தூக்கி உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் படிகளை நாட வேண்டாம். இருப்பினும் மேலே சில படிகள் ஏறத்தான் வேண்டும். உச்சியில், 108.5 மீட்டர் உயரத்தில், தங்கம் பூசிய மரியாள் சிலை. இரண்டாம் உலகப் போரின்போது அதன் மினுக்கம் குண்டு வீசும் விமானங்களுக்கு வழிகாட்டிவிடலாகாது என்று துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுப்புறம் நெல் விளையும் பூமி. குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் சோறு இவ்வூரின் சிறப்பு. பார்ப்பதற்கு நம் சித்திரான்னம் போலவே இருக்கும். ஆனால் மரபுப்படி அதில் மாட்டெலும்பின் மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேரும். கேட்காமல் உண்ண வேண்டாம். நாங்கள் ரொட்டி, தக்காளி, பழங்களோடு நிறுத்திக்கொண்டோம்.

மறுநாள் காலை ஸ்போர்ட்சா கோட்டைக்குச் சென்றோம். ஒரு காலத்தில் போர்வீரர்களின் மருத்துவமனையாக இருந்த கூடத்தில் ஒரே ஒரு சிலை: இறந்த மகனைத் தாங்கி நிற்கும் தாய். மைக்கேலாஞ்சலோவின் கடைசிப் படைப்பு, முற்றுப்பெறாதது. ஒருமுறை வடித்ததை உடைத்து, தாயின் உருவத்துக்கென இருந்த கல்லிலிருந்தே மகனை மீண்டும் செதுக்கத் தொடங்கியிருக்கிறார். முதலில் வடித்த வலக்கை மட்டும், புதிய உடலோடு ஒட்டாமல், தனியே நிற்கிறது. 1564இல் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை இக்கல்லில் வேலை செய்தார். அப்போது அவருக்கு வயது 88.

என் துணைவியார் அந்தச் சிலையின் எதிரே நெடுநேரம் அமர்ந்திருந்தார். ரயிலுக்கு நேரமாயிற்று என்று நான் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.