வில்லைக் கீழே வைத்த பிறகு

பார்த்தசாரதி கோவிலுக்குப் பின்புறச் சந்தில் அந்த வீட்டு மாடிப்படி ஏறும்போதே வயலினில் மோகன வர்ணம் கேட்டது. பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் ‘நின்னுகோரி’. உள்ளே போனால் வயலின் பாயில் கிடக்கிறது, பாடிக்கொண்டிருப்பது போன். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தியும் அவளுக்குச் சொல்லித்தரும் மாமியும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாமி என்னை உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டிவிட்டு, தொடையில் ஆதி தாளத்தைத் தொடர்ந்தார்.

பல்லவி, அனுபல்லவி வரை தாளமும் வாசிப்பும் ஒன்றாகவே போயின. முக்தாயி ஸ்வரத்தில் விலக ஆரம்பித்தன. மாமியின் கை எடுத்த காலப்பிரமாணத்திலேயே நிற்க, போனிலிருந்து வரும் ஸ்வரங்கள் முந்திக்கொண்டு போயின.

“பாரு, நான் கடைசி வீச்சு போடறதுக்குள்ள நீ அடுத்த ஆவர்த்தனத்தை எடுத்துட்டே.”

“வாசிக்கறச்சே சரியா இருந்த மாதிரிதான் மாமி இருந்தது.”

அவள் சொன்னதில் பொய்யில்லை. வாசிக்கும்போது இடது கை ஸ்வர ஸ்தானத்தைத் தேடுகிறது, வலது கை வில்லைத் திருப்புகிறது, மனசு அடுத்த பிடிக்குப் போய்விடுகிறது. காதுக்கென்று மிஞ்சும் கவனம் கொஞ்சம்தான். போதாக்குறைக்கு, நினைத்த ஸ்வரத்தையே கேட்டதாகக் காது எடுத்துக்கொண்டுவிடும். நம் முறையில் வயலினின் தலை வலது பாதத்தின் மேலும் அடிப்பக்கம் மார்போடும் பதிந்திருக்கிறது. மரத்தின் அதிர்வு உடம்பிலேயே ஏறுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது வேறு ஓசை. கையும் வில்லும் ஓய்ந்த பிறகு அந்த எதிர் இடத்தில் போய் உட்கார்ந்து கேட்கத்தான் பதிவு வேண்டியிருக்கிறது.

பதிவு செய்யும் விதத்தில் மாமி கறார். மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்; சித்திரை வெயிலிலும் அப்படித்தானாம். போன் தரையில் இருக்கக்கூடாது, காலால் தாளம் தட்டினால் அதுவும் பதிந்துவிடும். வாசிப்பவளுக்கு மூன்று நான்கு அடி தள்ளி, ஸ்டூலில் அடுக்கிய நோட்டுப் புத்தகங்களின் மேல் அது நிற்கிறது. சுருதிப் பெட்டி தனியாக, பதிவில் விழும் அளவுக்குச் சத்தமாக இருக்க வேண்டும். இரைச்சலை நீக்கும் வசதி போனில் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். ஒரே சீராக ஒலிக்கும் சுருதியையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அது அமுக்கிவிடும். பல போன்கள் மெல்லிய ஓசையைத் தூக்கி, பலத்ததைக் குறைத்துத்தான் பதிகின்றன. அதனால் வில்லின் அழுத்தம் ஏறி இறங்கும் நயத்தைப் போனை நம்பி எடைபோட மாமி விடுவதில்லை. சுருதிக்கும் தாளத்துக்கும் அது நல்ல சாட்சி.

இந்தத் தெருக்களுக்குச் சங்கீதம் பழசு. பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கியது 1900-ல். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம் வளர்ந்ததும் இங்கேதான். அவருடைய தந்தை இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பாலசுப்பிரமணியத்துக்கு முந்திய தலைமுறை வித்வான்கள் தங்கள் சங்கீதத்தைத் தாங்களே கேட்க இசைத்தட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெழுகில் பதிந்ததை அங்கேயே ஓட்டிப் பார்த்தால் மெழுகு கெட்டுவிடும். 1908-ல் கல்கத்தாவில் தட்டு அச்சிடும் ஆலை வருவதற்கு முன் அது ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அச்சாகி, கப்பலில் திரும்பி வரும். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம் ஓடினால் அதிகம். மாமியும் ஒரு பதிவை அதற்குமேல் நீளவிடுவதில்லை. நீண்டால் யாரும் திரும்பக் கேட்பதில்லை என்கிறார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பதிவுகள் போனில் சேர்ந்துகொண்டே போவதால் யாருக்கும் கை தேறிவிடாது.

மறுபடி ஓடவிட்டார்கள். முதல் தடவை தாளத்துக்காக மட்டும் கேட்டாயிற்று, இப்போது சுருதிக்கு மட்டும். ஸ்வரம் எழுதிய நோட்டு அவள் மடியில், கையில் பென்சில். மேல் ஸ்தாயி காந்தாரம் வந்ததும் பென்சில் நின்றது. அவளே சொன்னாள், “மாமி, எட்டலை.”

ஒரு நூலிழைதான் குறைவு. ஆனால் சுருதியோடு சேர்த்துக் கேட்கையில் உறுத்துகிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பதிவு. ஏன் எட்டவில்லை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. மாமி அவளை அந்த இடத்தை மட்டும் வாசிக்கச் சொல்லி, காதை விட்டுவிட்டு இடது கையையே பார்த்தார். ஷட்ஜத்திலிருந்து விரல் மேலே போகிறது, கட்டைவிரல் நகராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

“அதை விடு. கையே போகட்டும், விரல் மட்டும் போனா பத்தாது.”

அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பதிந்தார்கள். வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். காந்தாரம் சேர்ந்திருந்தது. வேகம் மட்டும் இன்னும் முந்துகிறது.

“அது அடுத்த வாரம்,” என்று சொல்லிவிட்டு மாமி மின்விசிறியைப் போட்டார்.