டிக் போட்டால் தாலுகா காணோம்

'தற்போதைய முகவரியும் நிரந்தர முகவரியும் ஒன்றே' என்று ஒரு செக்பாக்ஸ் இல்லாத விண்ணப்பம் நம் ஊரில் அபூர்வம். ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஆரம்பப் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. இந்தக் கட்டத்தின் வேல்யூவை எடு, அந்தக் கட்டத்தின் வேல்யூவில் போடு. அவ்வளவுதான் வேலை என்ற நினைப்பில் ஒரு கல்லூரிக்குச் சேர்க்கைப் படிவம் எழுதிக் கொடுத்தேன்.

படிவம் திறந்த கையோடு, பிரவுசிங் சென்டரில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் ஓர் அக்காவிடமிருந்து போன். "சார், டிக் போட்டா மாவட்டம் வருது, தாலுகா வர மாட்டேங்குது. அப்புறம் தாலுகாவ நிரப்புன்னு நம்மளயே திட்டுது."

தாலுகாப் பட்டியல் மாவட்டத்தைப் பொறுத்து நிரம்புவது. கையால் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் உலாவி 'சேஞ்ச்' நிகழ்வை எழுப்பும்; பட்டியல் வரும். ஸ்கிரிப்ட் வேல்யூவை மாற்றினால் அது எழாது. காலிப் பட்டியலில் நான் தாலுகாவைப் போட, பட்டியலில் இல்லாத மதிப்பென்பதால் பிழை என்றுகூடச் சொல்லாமல் வெற்றாக நின்றது. செலக்டட்இன்டெக்ஸைப் பார்த்தால் -1. மாவட்டத்தை மாற்றியதும் சேஞ்ச் நிகழ்வை நானே எழுப்பி, சர்வரிலிருந்து பட்டியல் வரும்வரை காத்திருந்து, பிறகு தாலுகாவைப் போட்டதும் சரியானது.

அடுத்தது பூட்டு. நகலான கட்டங்களை யாரும் தொடக் கூடாதென்று ரீட்ஒன்லி போட்டிருந்தேன். மாவட்டம், தாலுகா போன்ற செலக்ட் பட்டியலுக்கு ரீட்ஒன்லி கிடையாது. அதனால் அங்கே மட்டும் டிஸ்ஏபிள்டு. டிஸ்ஏபிள்டு ஆன கட்டத்தைப் படிவம் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. கல்லூரி அலுவலகத்தில் தெரு இருந்தது, ஊர் இருந்தது, மாவட்டமும் தாலுகாவும் காணோம். பூட்டு யாருக்கு வேண்டியிருந்தது? எனக்குத்தான். எடுத்துவிட்டேன். நகலானதில் யாராவது கை வைத்தால் இப்போது டிக் தானாகப் போய்விடும், அவ்வளவுதான்.

"கை தவறி டிக் பட்டுருச்சு சார், அடிச்சதெல்லாம் போச்சு" என்றும் அந்த அக்கா ஒருமுறை சொன்னார். டிக் விழுமுன் இருந்ததை ஒரு மாறியில் எடுத்து வைத்து, டிக்கை எடுத்ததும் திருப்பிப் போட நாலு வரி போதும். அந்த நாலு வரி எனக்குத் தோன்றாததற்குக் காரணம், என் படிவத்தை நான் ஒருநாளும் முழுசாக நிரப்பிப் பார்த்ததில்லை. எல்லாக் கட்டத்திலும் 'டெஸ்ட்' என்று அடித்துவிட்டுப் போகிறவன் நான்.

'பெயர் (தமிழில்)' என்ற கட்டத்தில் மாட்டியதும் அதனால்தான். எண்ணும் குறியும் நுழையாதபடி, ஒவ்வொரு தட்டுக்கும் ரெஜெக்ஸ் வைத்து எழுத்தல்லாததை நீக்கினேன். கவிதா என்று அடித்தால் 'கவத' என்று நின்றது. முருகன், 'மரகன'. யூனிகோடில் க, வ, த எழுத்துகள். கொம்பு, கால், புள்ளி எல்லாம் 'மார்க்' என்ற தனி வகை. எழுத்தை மட்டும் விடு என்று நான் சொன்னதை ரெஜெக்ஸ் அப்படியே செய்தது. மார்க் வகையையும் சேர்த்தேன். பெயர்கள் உயிர் பெற்றன.

அப்போதும் தொல்லை தீரவில்லை. பெயரின் நடுவே விட்டுப்போன எழுத்தைச் சேர்க்கப் போனவருக்கு, வேண்டாத குறி ஒன்று விழுந்து ஸ்கிரிப்ட் அதை நீக்கியதும் கர்சர் கடைசிக்கு ஓடியது. வேல்யூவை மாற்றி எழுதினால் அப்படித்தான் ஓடும். செலக்‌ஷன்ஸ்டார்ட்டைக் குறித்து வைத்துத் திரும்ப நிறுத்தலாம். நிறுத்தியும் பார்த்தேன். ஆனால் தமிழ் விசைப்பலகைகள் சில ஒரே எழுத்தைப் பல தட்டில் சேர்த்து முடிப்பவை. முடியுமுன் ஸ்கிரிப்ட் உள்ளே புகுந்தால் எழுத்தே உடையும்.

இப்போது தட்டும்போது எதையும் தொடுவதில்லை. கட்டத்தை விட்டு வெளியேறும்போது முன்பின் வெற்றிடத்தை மட்டும் வெட்டுகிறேன். வேறு தப்பிருந்தால் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி வரும். திருத்துவது அடிக்கிறவர் பாடு.